ஆடிக் காற்றில் ஊதிப் பார்த்த வைரம்

என் அம்மாவின் காதில் என் அத்தை வாயால் ஊதியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, பந்திக்குக் காத்துக்கொண்டு பெண்கள் எல்லாம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஏழுகல் தோடு போட்டிருந்தாள். கட்டு தங்கம், கல் மட்டும் அமெரிக்கன் டைமண்ட். அந்தக் கல்லுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போலி என்று சொல்ல வாய் கூசியவர் யாரோ வைத்த பேராக இருக்கும். யாராவது "வைரமா டீச்சர்?" என்று கேட்டால் அம்மா ஆமாம் என்று பொய் சொல்ல மாட்டாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலேயே பல வருடம் ஓட்டிவிட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சேவுகம்பட்டியில் தோட்டமும் கிணறும் மாமாவுமாக வாழ்ந்தவள். அவள் காதில் இருந்ததும் ஏழுகல் தோடுதான். ஆனால் அது பர்மாவிலிருந்து வந்த ஒருவரிடம் மாமா வாங்கிக் கொடுத்த வைரம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது பர்மாவில் போய் முடியும். வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால்கூட முடியும்.

அன்றைக்கு அத்தை அம்மாவின் பக்கம் சாய்ந்து, "செத்த தலையைத் திருப்பு" என்றாள். ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது போல என்று அம்மாவும் திருப்பினாள். அத்தை வாயைத் திறந்து, காதுக்குப் பக்கத்தில் போய், 'ஹா' என்று ஊதினாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கல்லில் படிந்த மூச்சு போவேனா என்று நின்றது. அசல் வைரத்தில் மூச்சு நிற்காது, பட்ட மாத்திரத்தில் தெளிந்துவிடும். போலியில் கொஞ்ச நேரம் புகைமூட்டமாக நிற்கும். அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் இது தெரிந்த சங்கதி.

"ம். அமெரிக்கா" என்றாள் அத்தை.

அம்மா அன்றைக்குப் பந்தியில் இரண்டாவது தடவை எதையும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தோடு இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அத்தையின் கொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இப்போது இதைச் சொல்லும்போதும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

அதற்கப்புறம் அம்மா சீட்டுக் கட்டினாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. காலையில் எங்களைக் கிளப்பிவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்து அரிசி களைவாள். இதற்கு நடுவில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை வைரத்தோடு. அதுவும் அசல். அதைப் போட்டுக்கொண்டு போய் அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஊதுங்க மதினி" என்று காதைக் காட்ட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அம்மா இதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தோடு விஷயத்தில் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "வைரம்ங்கிறது கரிதான், தெரியும்ல" என்றார்.

"அடுப்புலயும் கரி இருக்கு. நாளைக்கு அதைக் காதுல மாட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

அப்பா அதோடு விட்டுவிட்டார். இவருக்கு இஷ்டமில்லை என்று நானும் அண்ணனும் முடிவு கட்டிக்கொண்டோம்.

சீட்டு விழுந்தது ஒரு ஆடி மாதத்தில். ஆடியில் நகைக்கடைப் பக்கம் ஈ காக்காய் போகாது. எங்களுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது, நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். அதனால் அம்மாவும் நானும் போனபோது கடைக்காரர் திண்டுக்கல் ரத வீதியே கேட்கும்படி வாங்க வாங்க என்றார். ரோஸ் நிறத் தாளைப் பிரித்து ஒரு ஜோடித் தோட்டைக் காட்டினார். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, இதில் கரும்புள்ளி இல்லை, கீறல் இல்லை, காக்காய்க் கால் இல்லை என்று இல்லாததை எல்லாம் அடுக்கினார். வைரத்துக்குள் காக்காய்க் கால் எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். குறுக்கும் நெடுக்குமாக விழுந்த கீற்றுக்கு அதுதான் பேராம். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"டீச்சர், வைரத்துக்கு ரெண்டு பரீட்சை" என்றார் கடைக்காரர். "அசலா போலியாங்கிறது ஒண்ணு. அது இங்கயே முடிஞ்சிரும். அசலே ஆனாலும் உங்க வீட்டுக்கு ஆகுமா ஆகாதாங்கிறது ரெண்டாவது. அதை நான் சொல்ல முடியாது, கல்லுதான் சொல்லணும். ஒரு வாரம் வீட்ல வச்சுப் பாருங்க. நல்லது நடந்தா எடுத்துக்கங்க. கெட்டது ஏதும் நடந்தா கொண்டாந்து குடுத்திருங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். இன்னைக்குப் புதன்கிழமை வேற. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க."

வைரம் வாங்குகிற எல்லா வீட்டிலும் அன்றைக்கு இதுதான் வழக்கம். புடவையை உடுத்திப் பார்த்து வாங்குவதில்லை, செருப்பைக்கூட ஒரு நடைதான் நடந்து பார்ப்போம். வைரத்துக்கு மட்டும் ஒரு வாரக் குடித்தனம். எங்கள் வேதத்தில் ராசி, தோஷம் எல்லாம் கிடையாது என்று அம்மா வகுப்பில் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். ஆனாலும் பெட்டியைக் கொண்டுவந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தினாள். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா செய்த ஒரே காரியம், அக்காவுக்குச் சொல்லி அனுப்பியது. மறுநாளே அத்தை வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் தேங்காய்ப் பை, ஒரு கையில் துணிப் பை.

"வைரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வீட்ல வேணும்ல" என்றாள். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன். நம்ம வேதத்துல இதையெல்லாம் நம்பக் கூடாதுதான். பாக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

வந்ததும் வராததுமாகக் கல்லை எடுத்து ஊதினாள். அவள் கண்ணைச் சுருக்குவதற்குள் மூச்சு தெளிந்துவிட்டது. அம்மா முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அத்தையோ தலையை மேலே தூக்கி, "ஃபேன் ஓடுது. நிறுத்து" என்றாள். நிறுத்தினோம். மறுபடியும் ஊதினாள், மறுபடியும் தெளிந்தது. "சன்னலைச் சாத்து." சாத்தினோம். வெளியே ஆடிக் காற்று கதவை இடித்துக்கொண்டிருந்தது. "இடுக்கு வழியா வருது காத்து. இந்தக் காத்துல அம்மிக்கல்லு மேல ஊதுனாலும் தெளிஞ்சுதான் போகும்" என்று சொல்லிக் கல்லைப் பெட்டிக்குள் வைத்தாள். "போகட்டும். ஒரு வாரம் இருக்குல்ல. அது சொல்லும்."

ஒரு வாரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அவளே வகுத்தாள். அப்பாவின் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் ஓய்வு பெறப்போகிறார். அடுத்தது அப்பாதான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. "தம்பிக்கு அந்த உத்தியோகம் இந்த வாரத்துல வந்திருச்சுன்னா, நல்ல கல்லு. வராட்டியும் பரவாயில்ல, கெட்டது ஒண்ணும் நடக்காம இருந்தாச் சரி" என்றாள். அவளைப் பொறுத்தவரை இது தாராளம்தான்.

அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா என்னையும் அண்ணனையும் அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இந்த ஒரு வாரம் இந்த வீட்ல கெட்டது எதுவும் நடக்காது. நடந்தாலும் நடக்கலை. புரியுதா?"

எங்களுக்குப் புரிந்தது.

அன்றைக்கே பால் திரிந்துபோனது. மற்ற நாளாக இருந்தால் பால்காரரில் ஆரம்பித்து அப்பா வரைக்கும் எல்லோருக்கும் பாட்டு விழும். அன்றைக்கு அம்மா மூச்சு விடவில்லை. சீனியைக் கொட்டிக் கிண்டு கிண்டென்று கிண்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கிண்ணத்தில் வைத்து அத்தைக்கு நீட்டினாள். "கல்லு வந்ததும் இனிப்பா. பரவாயில்லையே" என்று அத்தை இரண்டாவது கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கடுத்து அண்ணன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். பழனி ரோட்டில் மொபெட்டோடு சறுக்கி விழுந்து முட்டி முழுக்கத் தோல் போய் வந்தான். அம்மா கொல்லைப்புறத்திலேயே வைத்து மருந்தைப் போட்டு, பேண்ட்டை மாட்டி, நொண்டாமல் நடக்க வேண்டும் என்று கட்டளை போட்டு உள்ளே அனுப்பினாள். நல்ல பிள்ளையாக அவனும் ரேஷன் கடைத் தராசு முள் மாதிரி நிமிர்ந்து நடந்தான்.

"ஏலே, வீட்டுக்குள்ள எதுக்குடா பேண்ட்டு? கைலி இல்லையா?" என்றாள் அத்தை.

"குளிருது அத்தை."

திண்டுக்கல்லில். பகல் இரண்டு மணிக்கு. நெற்றியில் வேர்வை வழிய நின்றுகொண்டு சொன்னான். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காய்ச்சலா?" என்று கேட்டாள். காய்ச்சலும் கெட்டதுதானே. "இல்ல அத்தை, சும்மா குளிருது" என்றான். இப்படியாக அந்தப் பேண்ட்டை அவன் மூன்று நாள் கழற்றவில்லை.

குழாய்த் தண்ணீர் அந்த வாரம் வரவே இல்லை. எங்கள் ஊரில் அதை யாரும் கெட்டது என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள், அது பாட்டுக்கு இருக்கிறதுதான். ஆனால் அத்தை சேவுகம்பட்டிக் கிணற்றுக்காரி. அம்மா விடிவதற்குள் அடுத்த தெருவுக்குக் குடத்தோடு போய் வந்து, அத்தை எழுந்திருக்கும்போது அண்டா நிறைய வைத்திருப்பாள். "பரவாயில்லையே, இங்க இப்ப தண்ணிக் கஷ்டம் இல்ல போல" என்று அத்தை இரண்டு வாளி சேர்த்தே குளித்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது நான். மாதத் தேர்வில் கணக்கில் பெயில். கணக்கு வாத்தியார் பெண் கணக்கில் பெயில் என்றால் எங்கள் வீட்டில் அது இழவுக்குச் சமம். விடைத்தாளை அம்மாவிடம் காட்டிவிட்டுக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா தாளைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவி, "நல்லாப் படிச்சிருக்கா மதினி" என்றாள் உரக்க. அந்த வைரத்தின் மேல் எனக்குப் பாசம் வந்தது அன்றைக்குத்தான். இது வருடம் முழுக்க இந்த வீட்டிலேயே பரீட்சையில் இருக்கட்டும் என்று ஜெபமாலை சொல்லும்போது சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்துவிட்டார். படத்துக்கு முன்னால் பெட்டி திறந்திருக்கிறது. ராசி பார்ப்பது தெரிந்தால் அவர் சும்மா விடமாட்டார். அத்தைதான் ஒரே எட்டில் எழுந்து, முந்தானையை உதறுவதுபோல உதறிப் பெட்டியை எடுத்து இடுப்பில் செருகினாள். "சாமிக்கு ஸ்தோத்திரம்" என்று கும்பிட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பால் வடிந்தது. அவர் போனபிறகு அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சண்டை ஞாபகம் வந்தது.

தினமும் சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றும்போது அத்தை கேட்பாள், "ஏதாச்சும் தெரிஞ்சுச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா" என்பார் அப்பா. முகம் கழுவப் போவார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அத்தை கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெட்டி முன்னால் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நானும் அண்ணனும் நினைத்தோம். ஒரு வாரம், ஒரு கெட்டது கிடையாது.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அத்தை.

"என்ன மதினி?"

"இந்த ஒரு வாரமா நானும் பாக்குறேன். நல்லதும் நடக்கலை, கெட்டதும் நடக்கலை. அசல் வைரம் ஒரு வீட்டுக்குள்ள வந்தா சும்மா இருக்காது. தூக்கிவிடும், இல்ல கவுத்துவிடும். என் கல்லு வந்த வாரமே கிணத்துல ஊத்து வந்துச்சு. இது என்னடான்னா கூழாங்கல்லு கணக்கா உக்காந்திருக்கு." பெட்டியை ஒரு விரலால் தள்ளினாள். "ஏத்தா, தப்பா நினைக்காத. இது வைரமே இல்ல."

அம்மா பெட்டியை மறுபடி நேரே நகர்த்தி வைத்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அதை வேறு அடக்க வேண்டியிருந்தது. போலி என்கிற பழி ஒரு பக்கம், ஆகாத கல் என்கிற பழி ஒரு பக்கம். இரண்டில் எதை வாங்குவது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். புளியமரத்தடி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். போலி என்கிற வார்த்தையை அவளால் இன்னொரு தடவை தாங்க முடியவில்லை.

"நடந்துச்சு மதினி" என்றாள்.

"என்ன நடந்துச்சு?"

"நீங்க சாப்பிட்ட இனிப்பு திரிஞ்ச பால். தண்ணி ஒரு சொட்டு வரல, நான்தான் சுமந்தேன். ஏய், பேண்ட்டைத் தூக்கிக் காட்டுடா."

அண்ணன் காட்டினான். அத்தை முட்டியைப் பார்த்து, "அட பாவி, இதுக்கா குளிருச்சு?" என்றாள்.

"இவ கணக்குல பெயிலு" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எனக்கு இருக்கிறது இன்றைக்கு என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார். "எச்.எம். வேலை எனக்கு இல்ல. வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்க."

வெள்ளிக்கிழமை என்றால் நாலு நாள். பள்ளி இருந்த நாளெல்லாம் அவர் அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், தனக்கு வராத நாற்காலிக்குப் பக்கத்து அறையில் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து "இன்னும் இல்லக்கா" என்று சொல்லியிருக்கிறார்.

"ஏங்க எங்கிட்டகூடச் சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ தோட்டைத் திருப்பிக் குடுத்திருவ" என்றார் அப்பா. "கல்லு உள்ள வந்தது புதன். அவங்க அந்த முடிவை எடுத்து மாசக்கணக்கு ஆச்சாம். கணக்குப்படி கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா அக்காகிட்ட அந்தக் கணக்கு செல்லாது."

இவருக்கு இஷ்டமில்லை என்று நாங்கள் நினைத்ததை எண்ணி எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை மூடினாள். "வேணாங்க. நாளைக்கே குடுத்திருவோம். இது நமக்கு ஆகல."

"அந்தப் பெட்டியை வை கீழ" என்றாள் அத்தை.

அம்மா வைத்தாள்.

"கல்லு என்ன பண்ணுச்சு? கல்லு போய் அங்க கையெழுத்துப் போட்டுச்சா?" அத்தையின் குரல் ஏறிக்கொண்டே போனது. "என் தம்பி மாதிரி ஒரு வாத்தியாரை விட்டுட்டு வேற ஒருத்தனை உக்கார வச்சிருக்காங்க. கல்லு ஆகலை, அதனால வேலை போச்சுன்னு நீ சொன்னா, பண்ணவன் எல்லாம் யோக்கியன்னு ஆயிரும். அது எப்படி? நான் விடுவேனா? பால் திரிஞ்சதுக்கு வெயிலு காரணம். இவன் விழுந்ததுக்கு இவன் கொழுப்பு காரணம். அவ பெயிலானதுக்கு அவ மண்டை காரணம். என் தம்பிக்கு வேலை வராததுக்கு அந்தப் படுபாவிக காரணம். கல்லு மேல பழியைப் போட்டு யாரும் தப்பிக்க வேணாம்."

"அப்ப கல்லு?" என்றான் அண்ணன்.

"கல்லுக்கென்ன? அசல் கல்லு. முத நாளே தெளிஞ்சுச்சே, நான் பாக்கலையா?" என்றாள் அத்தை, ஃபேனையும் சன்னலையும் சுத்தமாக மறந்து. அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, "சாப்டியாப்பு நீ?" என்று கேட்டாள். அவ்வளவு நேரமும் ஏறிய குரல் அதில் மட்டும் இறங்கிப்போனது.

இப்படியாகத் தம்பி பாசத்தில் வைரத்துக்கு விடுதலை கிடைத்தது. மறுநாள் அம்மா சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தோட்டைப் பெட்டியிலிருந்து அப்பாதான் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் காட்சிகள் அபூர்வம் என்பதால் நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதன்பிறகு எத்தனையோ கல்யாணம், திருவிழா. அத்தைக்குப் பக்கத்தில் அம்மா எத்தனையோ தடவை உட்கார்ந்தாள். "ஊதுங்க மதினி" என்று மட்டும் அம்மா கேட்கவே இல்லை. அத்தையும் முழுசாக ஒத்துக்கொண்டுவிடவில்லை. "உன்னது நல்ல கல்லுதான். பர்மா கல்லு அளவுக்கு வராது" என்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த பெரிய நகைக்கடை ஊருக்குள் வந்திருந்தது. ஊதுவது, பேப்பர் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் போய், பேனா மாதிரி ஒரு மெஷின் வந்துவிட்டது. அதன் முனையைக் கல்லில் வைத்தால், வைரமாக இருந்தால் கீ என்று கத்தும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, அந்தக் கடைப் பையன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். சர்டிபிகேட் தருவோம் மேடம் என்றான்.

அத்தையும் வந்திருந்தாள். மாமா இறந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள், காதும் மந்தம். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அம்மா சும்மா இருக்காமல் தன் தோட்டைக் கழற்றி, "இதையும் செத்த பாருப்பா" என்றாள். பையன் பேனாவை வைத்தான். கீ என்றது. அடுத்த கல்லிலும் கீ. ஒவ்வொரு கீ-க்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நத்தத்துப் புளியமரத்தடியில் பட்டது அன்றைக்குத்தான் முழுசாக ஆறியிருக்கும்.

"என்னோடதையும் பாரு தம்பி" என்று அத்தை கழற்றினாள். "எங்க வீட்டுக்காரர் பர்மாக்காரர்கிட்ட வாங்குனது. இந்த மாதிரிக் கல்லை நீ பாத்திருக்கவே மாட்ட."

பையன் பேனாவை நடுக்கல்லில் வைத்தான். சத்தம் இல்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான். சுற்றிலும் உள்ள கற்களில் ஒவ்வொன்றாக வைத்தான். அடுத்த தோட்டை எடுத்தான். ஒன்றுகூடக் கத்தவில்லை. அத்தை எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. எத்தனை வருஷம். அத்தனை பேருக்கு நடுவில் என் அம்மாவின் காதில் ஊதியவள். 'ம். பர்மா' என்று ஒரு வார்த்தை அம்மா சொன்னால் போதும், கணக்கு நேராகிவிடும். பையன், "மேடம், இது வந்து..." என்று வாயைத் திறந்தான்.

அம்மா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்தாளே, அதே பார்வை. பையன் வாயை மூடிக்கொண்டான்.

"கத்துது மதினி" என்றாள் அம்மா, அத்தையின் காதோரம் குனிந்து, உரக்க. "எல்லாக் கல்லும் கத்துது."

அத்தை தலையை ஆட்டினாள். தோட்டை வாங்கி முந்தானையில் துடைத்தாள். திருகாணி பிடிபடவில்லை, அம்மாதான் மாட்டிவிட்டாள்.

பிறகு, "எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "உன்னோடதைவிட என்னோடது கொஞ்சம் சத்தமாவே கத்துச்சு, இல்ல?"

"ஆமா மதினி" என்றாள் அம்மா. "கொஞ்சம் சத்தமாத்தான்."